மேஜர் ஹெம்ப்ரியின் இரவல் அகதிகள்

முப்பது கட்டில் விரித்தாயிற்று. இரண்டு அண்டா சூப் கொதித்தாயிற்று. வந்து படுக்கத்தான் ஒரு ஜீவனைக் காணோம்.

மேஜர் ராய்ஸ் ஹெம்ப்ரி, தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். பனிப்புயல் வரும், ஊரே அல்லோலகல்லோலப்படும் என்று ரேடியோவில் பயமுறுத்தியிருந்தார்கள். முகாம் திறக்கச் சொல்லி ஆணையும் வந்தது. நேற்று மாலை மொத்தப் படையும் இங்கே வந்து இறங்கியபோது பார்த்தால், வெறும் தூறல்.

"இதுக்குப் பேரு புயலாம்!" என்றார் மனைவி நடீனிடம். "நனைஞ்ச நாய் உதறினாக்கூட இதைவிட அதிகமாத் தண்ணி தெறிக்கும்."

அவர் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. மாநிலத் தொண்டர் படை சண்டைக்குப் போகிற படை இல்லை. துப்பாக்கி கிடையாது, சம்பளம் கிடையாது, சீருடைகூடச் சொந்தச் செலவுதான். வெள்ளம், புயல் என்று வரும்போது, தேசியப் படை வேறெங்கோ போயிருந்தால், ஆளுநர் கூப்பிட ஊரில் ஆள் வேண்டாமா? அதற்காக இருக்கிற படை. கட்லர்ஸ் ஃபோர்க் ஊர்ப் பிரிவில் மொத்தம் பதினொரு பேர். அதில் பத்துப் பேர் அதிகாரிகள். வயசையும் படிப்பையும் பார்த்துப் பதவி கொடுத்ததில் அப்படி ஆகிவிட்டது. மிச்சமிருந்த ஒரே சிப்பாய், ஓய்வுபெற்ற தபால்காரர் வெர்லின். உருளைக்கிழங்கு உரிக்க வேண்டுமென்று மேஜர் கேப்டனிடம் சொல்வார். கேப்டன் லெப்டினன்டிடம் சொல்வார். அவர் தனக்கு இளைய லெப்டினன்டிடம் சொல்வார். பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும் வெர்லின் கத்தியை எடுப்பார்.

பன்னிரண்டு வருஷத்தில் இந்தப் படை செய்த பெரிய காரியம், பூசணித் திருவிழாவில் கார்களை வரிசையாக நிறுத்தியது. இன்று மதியம் தலைநகரிலிருந்து கர்னல் ஓக்லி என்ற அம்மையார் பார்வையிட வருகிறார். பிரயோஜனமில்லாத பிரிவுகளைக் கலைப்பதுதான் அவர் வேலை. ராய்ஸுக்கு எழுபத்தொரு வயது. தன் இரும்புச் சாமான் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டார். மகன் இப்போது எதையும் அவரிடம் கேட்பதில்லை. இந்தச் சீருடையும் போய்விட்டால் தன்னை யார், எதற்குத் தேடுவார்கள் என்ற பயம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"நடீன், நீ அந்த மூலைக் கட்டில்ல போய்ப் படு."

"எதுக்கு?"

"கால் சுளுக்கினவ மாதிரி இரு. ஒரு ஆளாவது இருக்கட்டும்."

"அப்ப சூப்பை யாரு கிளறுவா? உன் கர்னலா?"

முணுமுணுத்துக்கொண்டே படுத்தாள். சூப் அடிபிடித்தது.

அந்தப் புகையிலும் முப்பது கட்டிலுக்கு ஒரு நோயாளி என்பது கண்ணை உறுத்தியது. ராய்ஸ் லெப்டினன்ட் டுவைட்டைக் கூப்பிட்டார்.

"வண்டியை எடு. தெரிஞ்சவங்க ஏழெட்டுப் பேரைக் கூட்டிட்டு வா. சும்மா வந்து படுத்துக்கிட்டாப் போதும், சூப் தருவோம்னு சொல்லு."

"பொய்தானே சார் இது?"

"பயிற்சின்னு வச்சுக்கயேன்!"

டுவைட் திரும்பி வந்தபோது வண்டி நிறைய ஆட்கள்.

"சார், என்னான்னே புரியல. முகாம்னு வாயைத் திறக்கறதுக்குள்ள கோட்டை மாட்டிக்கிட்டு வண்டியில ஏறிட்டாங்க. பின்னாடி இன்னும் வர்றாங்க!"

"ஏனாம்?"

"எல்லாம் உங்க மேல உள்ள மரியாதைதான் சார்."

ராய்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் தன்னை மறக்கவில்லை! ஆனால் அந்த மரியாதை நிற்கவே இல்லை. கூப்பிட்டவர்கள் வந்தார்கள், கூப்பிடாதவர்களும் வந்தார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி வந்து, "குளிர்ல விறைச்சுப் போயிட்டோம், பாலைச் சுடவைக்கணும்" என்றாள். நல்லாத்தான் நடிக்குது இந்தப் பொண்ணு என்று ராய்ஸ் மெச்சிக்கொண்டார். முடிதிருத்துகிற பர்ல், பிராணவாயு இயந்திரத்தையே தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

ராய்ஸ் அவரைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "பர்ல், இது கொஞ்சம் ஓவரா இல்ல? மெஷினெல்லாம் எதுக்கு? ரெண்டு தடவை இருமினாப் போதாதா?"

பர்ல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பிளக் எங்கய்யா இருக்கு?" என்றார், மூச்சு வாங்க.

கட்டில் தீர்ந்தது. போர்வை தீர்ந்தது. சூப்பும் தீர்ந்தது. முகாம் என்றால் ஜெனரேட்டரில்தான் ஓட வேண்டும் என்பது ராய்ஸ் போட்ட விதி. நேற்றிலிருந்து ஓடிய அது இப்போது முக்கி முனகியது. வேறு வழியில்லாமல் கேப்டன்களும் லெப்டினன்டுகளும் கத்தியைக் கையில் எடுத்தார்கள்.

"கேப்டன், தோலை மெலிசாச் சீவுங்க. பாதிக் கிழங்கு குப்பைக்குப் போகுது" என்றார் வெர்லின். படையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் போட்ட முதல் கட்டளை அது.

அந்த நேரம் பார்த்துக் கர்னல் ஓக்லி படியிறங்கி வந்தார். கூடத்தைப் பார்த்ததும் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார்.

"எத்தனை பேர் மேஜர்?"

"நாப்பதுக்கு மேல, மேடம்."

"கொட்டாவி விட்டுக்கிட்டு உக்காந்திருப்பீங்கன்னு நினைச்சேன். அதிகாரிங்களே கிழங்கு உரிக்கறதை எங்கயும் பார்த்ததில்ல. உங்க பிரிவையா கலைக்கச் சொன்னாங்க?" ராய்ஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஜெயித்தாயிற்று. ஆனால் ராய்ஸுக்கு அது இனிக்கவில்லை. ஊர் ஜனம் தன்மேல் இரக்கப்பட்டு வந்து படுத்திருக்கிறது; அதைக் காட்டித் தான் பெயர் வாங்குவதா? சே! அவமானத்தில் காது சுட்டது.

"மேடம், ஒண்ணு சொல்லணும். இவங்க யாரும் கதியத்து வந்தவங்க இல்ல. நான்தான் ஆள் அனுப்பிக் கூட்டிட்டு வந்தேன். எல்லாம் நடிப்பு. அந்த மூலையில சுளுக்குக் காலோட படுத்திருக்கறது என் பொண்டாட்டி."

நடீன் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கர்னல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப இந்த ஊர்ல யாருக்கும் நீங்க தேவைப்படலை."

"இல்ல மேடம்." இதைச் சொல்ல ராய்ஸ் ரொம்பச் சிரமப்பட்டார்.

"உண்மையைச் சொன்னீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுங்க. மத்ததை அப்புறம் பேசுவோம்."

ராய்ஸ் ஒரு நாற்காலியில் ஏறி நின்றார்.

"எல்லாருக்கும் நன்றிப்பா. எனக்காக வந்தீங்க, இந்த உதவியை நான் மறக்க மாட்டேன். நடிச்சது போதும். வீட்டுக்குக் கிளம்புங்க."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. குழந்தைக்காரி பால் புட்டியைப் பிடித்தபடி மற்றவர்களைப் பார்த்தாள்.

"மரியாதைக்காக உக்காந்திருக்க வேண்டாம். அதான் உண்மையைச் சொல்லிட்டேன்ல? போங்கப்பா!"

பர்ல் முகத்திலிருந்த குழாயைச் சற்று நகர்த்தினார்.

"எங்கய்யா போகச் சொல்ற, ராய்ஸ்? கம்பியில ஐஸ் பிடிச்சு அறுந்து விழுந்து, விடியக்காலையிலேர்ந்து ஊர் பூரா கரண்ட் இல்ல. இங்க இந்த ஜெனரேட்டர் மட்டும் இல்லேன்னா, நான் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பேன்."