சத்து சாரும் சமையலறையும்

இலையைக் கண்டால் கை துறுதுறுக்கும் இனம் ஒன்று நம்மிடையே உலவுகிறது. அடையாளம் சொல்கிறேன்: பூங்காவில் ஊரே நடந்துகொண்டிருக்கும்போது இவர் மட்டும் வேலியோரம் குனிந்து நிற்பார், நிமிரும்போது சட்டைப்பை புடைத்திருக்கும். அந்த இனத்தில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவருக்குத் தெருவார் வைத்த பெயர் 'சத்து சார்'.

பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து சமையலறை அவருடையது. இலைகளை நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் பொடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, மனைவி வீடெல்லாம் தேடிக்கொண்டிருக்கும் தலையணை உறையில் வடிகட்டி, இளஞ்சூட்டில் சுண்டவைத்து, மிஞ்சிய கரும்பச்சைச் சாற்றை பாட்டிலில் ஊற்றி, வைத்திய உலகமே கோட்டைவிட்ட ரகசியம் அது என்பதுபோல வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். தானும் குடிப்பாரா? நல்ல கேள்வி. அவருக்குத்தான் ஒரு நோயும் இல்லையே!

நோய் மனைவிக்கு. ரத்தக் கொதிப்பு. மாத்திரையை நிறுத்திவிட்டுத் தினம் ஒரு மூடி சாறு குடிக்கும்படி உத்தரவாயிற்று. அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு, மாத்திரையைச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்து விழுங்கிவந்தாள். வீட்டில் எதற்குச் சண்டை? அடுத்த பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. சத்து சாருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அக்காவுக்குப் போன்.

"அக்கா, இவளுக்கே சரியாயிடுச்சு. நீயும் அந்த மாத்திரைய நிறுத்து. நாளைக்கு பாட்டிலோட வரேன்."

அதைக் கேட்டு மனைவி ஓடிவந்தாள். நாத்தனாருக்கு இதய நோய். ஒருமுறை மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்தவள். தம்பி சொன்னால் மறுபேச்சே கிடையாது.

"ஏங்க, நான் மாத்திரைய ஒரு நாள்கூட நிறுத்தல."

"அப்போ சாறு?"

"சிங்க்ல ஊத்திட்டேன்."

சத்து சார் போய் சிங்க்கை எட்டிப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது அவளுக்கு. ஆனாலும் போனைப் பிடுங்கி நாத்தனாரை அழைத்தாள்.

"அண்ணி, அவர் பேச்சக் கேக்காதீங்க. முதல்ல மாத்திரையப் போடுங்க. காரணத்த அப்புறம் சொல்றேன்."

அவள் திரும்பிப் பார்த்தபோது கணவரின் முகம் மலர்ந்திருந்தது.

"அதான பார்த்தேன்! இத்தனை மாசமா சிங்க் அடைக்கவே இல்ல. என்ன சக்தி பாரு!"

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். நீங்கள் அக்கறையோடு காய்ச்சித் தருவதை வீட்டார் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிக்கிறார்கள் என்று பெருமைப்படுகிறீர்களே, உங்கள் வீட்டு சிங்க்கில் தண்ணீர் எப்படிப் போகிறது?