முதலைக்கு வீசிய புளிசாதம்

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு,

அடி அண்ணாமலையிலிருந்து அப்பா தருமன் எழுதுவது. நானும் அம்மாவும் நம் சோடாக் கடையும் சௌக்கியம். என் வலது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை, காரணம் கீழே வருகிறது. போனில் பேசினால் இரண்டே நிமிஷத்தில் என்னைத் தலையாட்ட வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

முதலை ஆராய்ச்சி வேலைக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லணும், அப்பா சரியென்றால்தான் போவேன் என்றாய். பத்தாவதையே மூன்று தடவை எழுதிய நான், முதலையைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்று, அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதத்தோடு சாத்தனூர் அணை முதலைப் பண்ணைக்கு பஸ் ஏறினேன். அங்கே பத்தடி முதலை ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கட்டை மாதிரி கிடந்தது. "கொட்டாவி இல்லீங்க, உடம்புச் சூட்டைக் கம்மி பண்ணிக்குது" என்றார் அங்கே வேலை செய்யும் ஆதிமூலம். மாசியில் மண்ணைத் தோண்டி முப்பது முட்டை வைக்குமாம், மண்ணின் சூட்டை வைத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது முடிவாகுமாம். உன் பெரிய அத்தை இதை அப்போதே கேட்டிருந்தால், ஆண்பிள்ளை இல்லையென்று உன் அம்மாவைக் குத்திக்காட்டாமல் வெயிலைத் திட்டியிருப்பாள்.

அவர் பேசும்போதே மண்ணுக்குள்ளிருந்து 'க்யாங், க்யாங்' என்று சத்தம். கட்டை எழுந்தது. விறுவிறுவென்று வந்து மண்ணைக் கிளறி, சாண் நீளக் குஞ்சை, வெளிச்சம் பார்த்து ஒரு நிமிஷம்கூட ஆகாத பச்சைப்பிள்ளையை, பல்லுக்கு நடுவில் கவ்வியது. "டேய், அது உன் புள்ளடா! துப்புடா!" என்று கத்திக்கொண்டே சுவரில் ஏறி புளிசாத டப்பாவை வீசினேன். டப்பா அந்தப் பக்கம் விழுந்தது, நான் இந்தப் பக்கம் விழுந்தேன். எழுந்து பார்த்தால் முதலை குஞ்சோடு தண்ணீருக்குள் போய்விட்டது. "யோவ், அறிவிருக்கா?" என்று ஆதிமூலம் ஓடிவர, நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நொண்டினேன்.

பெற்றதையே தின்கிற ஜந்துவிடம் என் ஒரே பெண்ணை அனுப்ப மாட்டேன். இதுதான் முடிவு.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, அண்ணாமலையார் உன் கூடவே இருப்பார்.

இப்படிக்கு,
முழங்கால் வீங்கிய அப்பா,
தருமன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். "எங்கய்யா என் டப்பா? அது இல்லாம வூட்டுக்குள்ள வராத" என்று அம்மா துரத்தியதால் மறுபடி போனேன். ஆதிமூலம் கழுவியே வைத்திருந்தார். "அது தின்னலைங்க, தூக்கிட்டுப் போயி தண்ணில வுட்டுது, அதோ பாருங்க" என்றார். பதினெட்டுக் குஞ்சுகள், ஒரு கீறல்கூட இல்லாமல், அதன் தலைமேல் ஏறிக் கிடந்தன. "பெத்த தாயாச்சே" என்றேன். "தாய் அந்தாண்ட இருக்குதுங்க. இது அப்பன்."

உனக்கு இதெல்லாம் முன்பே தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் முழங்கால் தப்பித்திருக்கும். வெள்ளிக்கிழமை சரியென்று சொல்லிவிடு. நீ வேலைக்குச் சேரும் இடம்வரை உன் பெட்டியை நானே தூக்கி வருகிறேன். பயப்படாதே, கையால்தான்.