மூன்றாம் நம்பர் பிளக்

லப்… டப். லப்… டப்.

பல வருஷங்களுக்கு முன்பு, ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில், ஜெபதுரை தம் இதயத்தைத் தாமே கேட்டார். கேட்கவைத்தவள் ரெபேக்கா. அவள் அப்போது வெள்ளைத் தொப்பி வைத்த இளம் நர்ஸ். அவர் மத்திய அரசு ஆபீஸில் புதுக் குமாஸ்தா. "சிஸ்டர், நெஞ்சு அப்பப்ப ஒரு துடிப்பு மிஸ் ஆகுது" என்று மறுபடியும் மறுபடியும் வந்து நின்றவரின் காதில் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டி, மறுமுனையை அவர் சட்டைமேல் வைத்து, "எங்க மிஸ் ஆகுதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

மிஸ் ஆகவே இல்லை. குடியரசு தின அணிவகுப்பு மாதிரி வரிசை தப்பாமல் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் யாரோ கிணற்றுக்குள் கம்பளம் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் பாளையங்கோட்டை சர்ச்சில் கல்யாணமாகப் போய் முடிந்தது.

ஆகவே, ஒழுங்காகத் துடிக்கிற ஒன்றைத் துடிப்புத் தவறவைப்பது எத்தனை பெரிய பாவம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தார்.

காரணம், ஒரு செப்டம்பர் சாயங்காலம் ரெபேக்கா சொன்ன ஒரு வாக்கியம்.

"என்னங்க, லைசன்ஸ் வந்துட்டு."

"எந்த லைசன்ஸ்?"

"துப்பாக்கி லைசன்ஸ்! கார் ஓட்டுததுக்குத்தான். டூட்டி முடிஞ்சு கிளாஸுக்குப் போனேன். உங்கள்ட்ட சொன்னா பயப்படுவீயன்னு சொல்லல."

"நான் எதுக்குப் பயப்படணும்?"

"அதான் சொல்லுதேன், பயப்படாதீங்க. நாளையில இருந்து நானே ஓட்டிட்டுப் போயிருதேன். நீங்க நல்லா தூங்குங்க."

நல்லா தூங்குங்க! கல்லறைத் தோட்டத்தில் கேட்கவேண்டிய வாழ்த்தை உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிட்டார் ஜெபதுரை.

அவருடைய நிலைமையையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். பென்ஷன் வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து, லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் மனைவி பேரில். வாசல் பலகையில் மனைவி பெயர். கேஸ் சிலிண்டர் மனைவி பேரில். பால் பூத்தில்கூட அவரை "சிஸ்டர்ஜி கே சாஹப்", சிஸ்டரம்மா வீட்டுக்காரர், என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் பேரில் இருந்தது அந்தப் பழைய வெள்ளைக் கார் ஒன்றுதான். காலையில் புசா ரோட்டைத் தாண்டி ஆஸ்பத்திரிவரை கொண்டுவிடுவார். மாலையில் போய்க் கூட்டிவருவார். நடுவில் இருந்த நேரமெல்லாம் மாலைக்காகக் காத்திருக்கிற நேரம். ஸ்டியரிங்கும் போய்விட்டால், இந்த டெல்லியில் ஜெபதுரை என்று ஒருவர் எதற்கு?

அன்று ராத்திரியே ரெபேக்கா ஜெபக்கூட்டத்துக்குப் போன சமயம், அவர் பானெட்டைத் திறந்தார்.

எஞ்சின் என்பது நாலு அடுப்பு. ஒவ்வோர் அடுப்புக்கும் தீ மூட்ட ஒரு பிளக். அவருடைய டூல் பெட்டியில் ஒரு பழைய பிளக் கிடந்தது. வெள்ளைப் பீங்கானில் முடிமாதிரி ஒரு கீறல். கண்ணாடி போட்டால்தான் தெரியும். அந்தக் கீறல் வழியே பொறி ஒழுகிவிடும். அடுப்புப் பற்றாது. வண்டி மூன்று காலில் நொண்டும். மூன்றாம் நம்பரில் இருந்த நல்ல பிளக்கைக் கழற்றி, அங்கே இந்தக் கீறல் பிளக்கை வைத்தார். நல்லதைக் கைக்குட்டையில் சுற்றி, இரும்பு டிரங்குக்குள் மடித்துவைத்திருந்த தம் கம்பளிக் கோட்டின் பைக்குள் போட்டார். செப்டம்பர் டெல்லியில் கம்பளிக் கோட்டைத் தொடுகிறவனுக்குப் பைத்தியம் பிடித்திருக்கவேண்டும்.

மறுநாள் ரெபேக்கா ஸ்டியரிங் பிடித்தாள். வண்டி காலனி கேட்டில் ஒரு தடவை இருமி நின்றது. ஐ.என்.ஏ. சிக்னலில் குலுங்கி நின்றது. பின்னாலிருந்து டெல்லியின் ஹார்ன் எல்லாம் சேர்ந்து பாடியது.

"தள்ளிக்கோ" என்றார் ஜெபதுரை, கருணையோடு. ஆக்ஸிலரேட்டரைத் தாலாட்டினார். கிளட்சைக் கெஞ்சினார். டாஷ்போர்டைத் தட்டி, "வா ராசாத்தி" என்றார். வண்டி நொண்டிக்கொண்டே போனது. "பாத்தியா? இதுக்கு ஒரு கைப்பக்குவம் வேணும்."

ரெபேக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்படியே வாரங்கள் போயின. மழைக்காலத்தின் கடைசி மேகங்கள் யமுனைப் பக்கம் கரைந்தன. சாலையோரத்து ஏழிலைப்பாலைகள் பூத்து, சாயங்காலக் காற்றில் ஒரு மயக்கம் ஏறியது. அந்த வாசனைக்குள் வண்டி விக்கி விக்கிப் போகும்போது, இது இப்படியே இருந்துவிடக் கூடாதா என்று ஜெபதுரைக்குத் தோன்றும். பக்கத்தில் மனைவி. கையில் சக்கரம். எந்த ஊருக்கும் போய்ச்சேராத ஒரு நீண்ட சாயங்காலம்.

"மெக்கானிக்கிட்ட காட்டுங்களேன்" என்பாள் அவள்.

"மெக்கானிக்குக்கு என்ன தெரியும்? இது பிளக் விவகாரம். பிளக்கில ரெண்டு ரகம் உண்டு. ஹாட் பிளக், கோல்ட் பிளக்."

"நம்ம வண்டிக்கு எது?"

"அதுலதான் சூட்சுமமே. நம்ம ஊர்னா ஒரே பிளக் போதும். இங்க வெயில் மண்டையப் பொளக்குது. குளிரு எலும்பக் கடிக்குது. இப்ப வாங்கினா சீசன் மாறிரும். குளிர் வரட்டும். பாத்து வாங்குவோம்."

"பிளக்குக்கும் ஸ்வெட்டர் போடணுமா?"

"கிண்டல் பண்ணாத. சயின்ஸ் இது."

சயின்ஸுக்கு மரியாதையாக, ஞாயிற்றுக்கிழமைதோறும் பானெட்டைத் திறந்துவைத்து ஆராதனை நடத்துவார். ஒன்றாம் நம்பரைக் கழற்றித் துடைப்பார். இரண்டாம் நம்பரை ஊதுவார். நாலாம் நம்பரை வெயிலில் பிடித்து, "பாரு, நுனி நல்ல பிரவுன் கலர். ஆரோக்கியமான பிளக்" என்பார்.

காப்பியோடு நின்ற ரெபேக்கா ஒருநாள் கேட்டாள். "மூணாவதக் கழட்டலியா?"

"அது நல்லாத்தான் இருக்கு. தொட வேண்டாம்."

"அச்சா" என்றாள் ரெபேக்கா. அவ்வளவுதான்.

நவம்பர் வந்தது. ஒரு சனிக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு, பாடாத குறையாக வீடு திரும்பினார் ஜெபதுரை. துணி காயும் கொடியைப் பார்த்தார். நின்றார்.

ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகள். ஸ்வெட்டர்கள். மஃப்ளர்கள். வருஷம்தோறும் குளிர் தொடங்கும்போது டெல்லி முழுவதும் டிரங்குகளைத் திறந்து கம்பளிகளை வெயிலில் போடும். முப்பது வருஷமாக அவரே போட்டிருக்கிறார். குளிர் வரட்டும் என்று சொன்ன வாய், குளிரோடு கோட்டும் வரும் என்பதை யோசிக்கவில்லை. கொடியின் கோடியில் அவருடைய கோட்டு, கைகளைத் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்ட கைதிமாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

அப்போது அவர் நெஞ்சு நிஜமாகவே ஒரு துடிப்பு மிஸ் ஆயிற்று.

ஓடிப்போய்ப் பையில் கைவிட்டார். கைக்குட்டை. அதற்குள் பிளக். இருந்தது. அப்பாடா.

"கோட்டுல என்ன தேடுதீய?" என்று அடுக்களை ஜன்னலிலிருந்து குரல்.

"அந்துருண்டை."

"அது டிரங்குல கெடக்கு. மீனு என்ன மீனு?"

அன்று மீன்குழம்பு மிகவும் நன்றாக இருந்தது. அதுவே அவருக்கு உறைத்திருக்கவேண்டும்.

"என்னங்க, வண்டியக் குடுத்திருவோம்" என்றாள் ரெபேக்கா, முள்ளை எடுத்துக்கொண்டே. "மாடி வீட்டு அனந்தகிருஷ்ணன் சார் கேட்டாரு. நாளைக்கு நாம ஆராதனைக்குக் கோயிலுக்குப் போறதுக்கு முன்னால வந்து பாக்காராம்."

ஜெபதுரை சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "நொண்டி வண்டிய எவன் வாங்குவான்?"

"நொண்டினாலும் சரின்னுட்டாரு. நல்லா ஓடுத வண்டின்னா நான் குடுக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க. ஆனா நீங்களும்தான் இத்தன நாளா வைத்தியம் பாக்குதீய. சரியாவலியே."

ஜெபதுரை யோசித்தார். வண்டி சரியானால் ஸ்டியரிங் போகும். சரியாகாவிட்டால் வண்டியே போகும். ஸ்டியரிங் இல்லாத ஜெபதுரையைக் கற்பனை செய்ய முடிந்தது. வண்டியே இல்லாத வாசலைக் கற்பனை செய்ய முடியவில்லை.

விடிந்தும் விடியாத நேரம். பனியும் புகையும் கலந்து காலனியைப் பாலில் முக்கியிருந்தன. தெருவிளக்குகள் தூக்கத்தில் நடப்பவைமாதிரி மிதந்தன. சத்தம் வராமல் பானெட்டைத் தூக்கி, மூன்றாம் நம்பரைக் கழற்றினார். கன்னங்கரேல் என்றிருந்தது. சரிதான், கீறல் பிளக். அதைச் சட்டைப்பையில் போட்டார். கைக்குட்டையைப் பிரித்தார். நுனியில் அழகான பிரவுன் கலர். லேசாகக் காப்பி வாசனைகூட வந்தது. அடுக்களையிலிருந்து வருகிறது என்று நினைத்தார். அடுக்களையில் இன்னும் விளக்கே எரியவில்லை.

விரலால் மெல்லத் திருகி, பிறகு ஸ்பேனரால் இறுக்கி, ஒயரை மாட்டினார். ஸ்டார்ட் செய்து பார்க்க ஆசைதான். ரெபேக்கா விழித்துவிட்டால்? போர்வைக்குள் திரும்பிப்போய், கண்ணை மூடி, நான்கு அடுப்பும் எரிகிற சத்தத்தைக் கனவில் கேட்டார்.

அனந்தகிருஷ்ணன் குரங்குக் குல்லாயோடு வந்துசேர்ந்தார். "ஸ்டார்ட் பண்ணும் ஓய், கேட்போம்."

ஜெபதுரை கம்பீரமாக உட்கார்ந்தார். "சார், இது விக்கிறதுக்கில்ல. நேத்தே சரியாயிட்டு. சத்தத்த மட்டும் கேட்டுட்டுப் போங்க." சாவியைத் திருப்பினார்.

டக்டக்… டக்டக்டக்… குலுங்… டக்.

மறுபடியும் திருப்பினார். வண்டி இருமியது. அனந்தகிருஷ்ணனின் குல்லாய்க் குஞ்சமும் சேர்ந்து ஆடியது.

"நடக்கவே நடக்காது!" என்று கத்தினார் ஜெபதுரை. "நல்ல பிளக்கத்தானே போட்டேன், காலைல!"



"எந்த நல்ல பிளக்கு?" என்றாள் ரெபேக்கா.

"கோட்டுப் பைல…" வாய் நின்றது. எஞ்சினும் நின்றது.

ரெபேக்கா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள். "வார்டுல சொந்தக்காரங்க எந்த இடத்தத் தொட விடாம மறைக்காங்களோ, அங்கதான் வலி. மூணாவதத் தொடாதன்னீய. நேத்து நீங்க மீன் வாங்கப் போனதும் வண்டிய ஓடவிட்டு, ரப்பர் கிளவுஸப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு ஒயரா உருவினேன். மத்ததுல கை வச்சப்பல்லாம் எஞ்சின் துவண்டுட்டு. மூணுல மட்டும் ஒரு மாத்தமும் இல்ல. செத்தவன் கைய வெட்டினா அவன் அழவா போறான்? கழட்டிப் பாத்தா கீறல். சரி, பழசு எங்கிருந்து வந்துச்சு, நல்லது எங்க போச்சுன்னு யோசிச்சுக்கிட்டே கம்பளியக் காயப்போட்டேன். கோட்டு கனமா இருந்துச்சு."

"நான் பாத்தேனே! பைல நல்லதுதான் இருந்துச்சு. பிரவுன் கலர்ல…"

"கீறல் பிளக்கு அது. பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சு, டிக்காஷன்ல முக்கி, வெயில்ல காயவச்சேன். நல்லத எஞ்சின்ல மாட்டி, தோசைக்கல்லுக் கரியப் பூசினேன்."

"அப்ப நான் காலைல…"

"நல்லதக் கழட்டிட்டு, கெட்டதப் போட்டிருக்கீய."

ஜெபதுரை சட்டைப்பையிலிருந்து கறுப்புப் பிளக்கை எடுத்துத் துடைத்தார். கரி போனது. உள்ளே ஆரோக்கியமான பிரவுன்.

கடைசி நம்பிக்கையோடு அனந்தகிருஷ்ணனைப் பார்த்தார். "சார், நீங்க நிஜமாவே வாங்க வந்தீங்களா?"

"நானா? எனக்கு லைசன்ஸே கிடையாது ஓய். வந்து நின்னா டிகிரி காப்பி தரேன்னா, வந்தேன்."

ரெபேக்கா கைப்பையைத் திறந்து நான்கு சின்ன அட்டைப்பெட்டிகளை எடுத்து பானெட்மேல் வைத்தாள். "வண்டியோட புஸ்தகத்தில போட்டிருக்க அதே நம்பர். நேத்துச் சாயங்காலம் கரோல்பாக்ல வாங்கினேன். கடைக்காரர்ட்ட, குளிருக்கு எது, வெயிலுக்கு எதுன்னு கேட்டேன். கடையே சிரிச்சிச்சு. இங்க வருசம் பூரா ஒரே பிளக்குதானாம்."

காப்பிக்காக அனந்தகிருஷ்ணன் உள்ளே போனார். ஜெபதுரை பானெட்டைத் திறந்து நான்கையும் மாட்டினார். மூன்றாம் நம்பரை மாட்டும்போது அவர் தலை இன்னும் கொஞ்சம் குனிந்திருந்தது.

"எதுக்கு இப்படிச் செஞ்சீய?" என்றாள், இப்போது மெதுவாக.

"நீயே ஓட்டிட்டுப் போயிட்டா, நான் எதுக்கு?"

அவள் காலி அட்டைப்பெட்டிகளைக் கைப்பையில் போட்டாள். "முப்பது வருசமா பக்கத்தில உக்காந்து உங்க இடது காதையே பாத்திட்டு வாரேன். ரோட்டப் பாக்குத அளவுக்கு நீங்க என்னப் பாத்ததில்ல. ஒரு நாளாவது நீங்க பாத்திட்டு வாங்களேன், நான் ஓட்டுதேன்."

ஜெபதுரை பானெட்டை மெல்ல மூடினார்.

"அன்னைக்கும் மிஸ் ஆகுதுன்னு பொய் சொன்னீய. கல்யாணம் பண்ணிக்கிட்டேன். இன்னைக்கும் அதே பொய்." கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க."

கொடுத்தார். அவள் திருப்பினாள். நான்கு அடுப்பும் ஒன்றாகப் பற்றி, கம்பளம் தட்டுகிற சத்தம்போல ஒரே சீராக ஓடியது. எங்கும் மிஸ் ஆகவில்லை. கோயிலுக்குப் போகிற வழியில் ஐ.என்.ஏ. சிக்னலில் அவர் திரும்பி அவளைப் பார்த்தார். காதோரம் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் வண்டியை ரெபேக்காதான் ஓட்டுகிறாள். ஜெபதுரை மடியில் அவள் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டு, இடது பக்கத்தில் உட்கார்ந்து, தினமும் ஆஸ்பத்திரி வாசல்வரை போகிறார். அங்கே அவளை இறக்கிவிடுகிற வேலை இல்லாததால், தாமே இறங்கி, ராஜீவ் சௌக்கில் மாறி, மெட்ரோவில் வீடு திரும்புகிறார்.