கச்சேரியில் நான் இழுத்த கயிறு

கைக்குப் பழகின வேலை மூளையைக் கேட்டுக்கொண்டு நடக்காது. இது எல்லோருக்கும் பொது. எனக்கு மட்டும் இது பெண் பார்க்கப் போன இடத்தில் நடந்தது.

எனக்கு ஊர் வடக்குத்து. ஒன்பதாவதோடு படிப்பு முடிந்தது. நெய்வேலிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆள். நிலக்கரி போகும் பெல்ட் ஓரமாக நடக்க வேண்டும். பெல்ட்டுக்கு அடியில் உருளும் ரோலர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான் வேலை. பெல்ட் நெடுகிலும் பக்கத்தில் ஒரு கயிறு ஓடும். ஏதாவது தப்பாகப் பட்டால் யாரையும் கேட்கக் கூடாது. இழுத்துவிட வேண்டும். பெல்ட் நின்றுவிடும். சும்மா இழுத்தால் திட்டு விழும். இழுக்காமல் விட்டால் ஆள் போய்விடும். (திட்டு பரவாயில்லை.)

கலைச்செல்வி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பெண். அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட். அவள் வயலின் வாசிப்பாள். ஜாதகம் பொருந்தியது. அப்புறம் அவள் அப்பா ஒரு நிபந்தனையோடு வந்தார்.

“தம்பி, சனிக்கிழமை சாயங்காலம் பாப்பாவோட கச்சேரி. முன்ன வந்த மாப்பிள்ளை பாதியில எழுந்து போயிட்டாரு. நீங்க கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டா மேல பேசலாம்னு சொல்லுது.”

“உக்கார்றேங்க.”

ஷிஃப்ட் முழுக்க நடக்கிறவனுக்கு உட்காருவது ஒரு வேலையா?

அரங்கத்தில் எலெக்ட்ரீஷியன் ஏழுமலை என் கூட்டாளி. மேடை ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டான்.

“கீழ உக்காந்தா தலதான் தெரியும். இங்க உக்காந்துகினு பொண்ண நல்லா பாரு. எதையும் தொடாத.”

“நான் ஏன்டா தொடப் போறேன்?”

மேடை நிறைய வயலின், பெரிய வயலின், அதைவிடப் பெரிய வயலின். வாசிக்கப் போவது எல்லாமே வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் எழுதியதாம். ஆள் இன்னும் இருக்கிறாராம். பெயர் என் வாயில் நுழையவில்லை. கொஞ்சம் சுரத்தை வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், மெதுவாகத்தான் மாறும், பொறுமை வேண்டும் என்று மைக்கில் சொன்னார்கள். விளக்கைக் குறைத்தார்கள்.

ஆரம்பித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது பாட்டு இல்லை. பெல்ட்.

போனதே போனது. வந்ததே வந்தது. வாசிக்கிறவர்களின் கை மட்டும் அசைந்தது. முகம் அசையவில்லை. கலைச்செல்வி கண் இமைக்கவில்லை. கீழே கூட்டத்தைப் பார்த்தேன். ஒருத்தரும் இருமவில்லை. நெய்வேலியில் ஒரு கூட்டம் இருமாமல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மூக்கில் கரி வாசனை அடித்தது.

அப்போதுதான் கேட்டது. பாட்டுக்கு அடியில், தூரத்தில். டொக்.

கெட்டுப்போன ரோலர் அப்படித்தான் தட்டும். யாரும் திரும்பவில்லை. மறுபடியும் டொக். கொஞ்சம் கிட்டே. மேடைப் பலகைக்குக் கீழே ஒன்று நகர்ந்து வருகிறது. கலைச்செல்வியின் நாற்காலியைப் பார்த்து வருகிறது.

சட்டென்று எல்லா வயலினும் நின்றது. நடுவில் நின்று குச்சி ஆட்டி எல்லோரையும் வாசிக்க வைத்தவர் அதைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். பெல்ட் தானாக நின்றால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது யாரும் அதை ஓடவிடக் கூடாது.

டொக். அவள் காலுக்கு நேர் கீழே.

குச்சி இறங்கப் பார்த்தது. என் கை பக்கத்தில் போனது. அங்கே ஒரு கயிறு இருந்தது.

சிவப்புத் திரை முழுசாக இறங்கியது. குச்சிக்காரர் அதற்குள் மாட்டிக்கொண்டார். ஆனாலும் வாசிப்பு மறுபடி ஆரம்பித்தது. துணிக்குள் ஒரு கை மட்டும் மேலும் கீழும் போனது. முகமில்லாத உருவம் ஒன்று உள்ளிருந்து திரையைத் தடவியது. கூட்டத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். (புது மாதிரிப் பாட்டு. இதுவும் சேர்த்திதான் என்று நினைத்துவிட்டார்கள்.)

ஏழுமலை ஓடி வந்தான்.

“டேய், இன்னாடா பண்ண?”

“அடியில ஆள் இருக்குடா.”

டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தான். “ஒடஞ்ச நாற்காலிதான்டா இருக்குது. எழுந்து ஓடிப் போயிடு.”

காலும் அதையே சொன்னது. ஆனால் கடைசி வரைக்கும் உட்காருவதாகச் சொல்லியிருந்தேன். உட்கார்ந்தேன். திரையை ஏற்றினார்கள். மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்கள்.

முடிந்ததும் அவள் அப்பா வந்தார். “கயிற எதுக்குத் தம்பி இழுத்தீங்க?”

“ரோலர் தட்டிச்சுங்க.”

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அவரும் சுரங்கத்து ஆள்தான்.

கலைச்செல்வி வயலின் பெட்டியோடு வந்தாள். “எழுந்து போவல. அது போதும்ப்பா” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். “ஆனா இன்னிக்கு மேளம், தாளம்னு தட்டறது எதுவுமே இல்லீங்களே. இன்னா சத்தம் கேட்டீங்க?”

கல்யாணப் பந்தலில் மாமனார் ஒவ்வொரு கயிற்றுக்குப் பக்கத்திலும் ஒரு ஆளை நிறுத்தினார். இப்போது எங்கள் பிள்ளைகள், நான் சாப்பிடும்போது தட்டில் ‘டொக்’ என்று தட்டுவார்கள். என் கை தானாகப் பக்கத்தில் போகும். வீடே சிரிக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டொக். கை போனது.

“சும்மா இருங்கடா” என்று கத்தினேன்.

சமையல்கட்டிலிருந்து கலைச்செல்வி வந்தாள். சிரிக்கவில்லை.

“பசங்க வெளையாடப் போயிருக்குதுங்க. எனக்கும் கேட்டுது” என்றாள்.

எங்கள் வீட்டில் துணி காயப் போடும் கொடி ஒன்றுதான் கயிறு. நான் எழுவதற்குள் அவள் அதை இழுத்துவிட்டாள்.

பிள்ளைகள் திரும்பி வந்தபோது ஈரத்துணியெல்லாம் மண்ணில் கிடந்தது. இப்போது தட்டைத் தட்டிவிட்டு எங்கள் இரண்டு பேர் கையையும் பார்க்கிறார்கள்.