பேச்சியம்மாளின் பனித்தோட்டம்

"அம்மா, செடியெல்லாம் கருகிப் போச்சும்மா."

ஜீவிதா போனைத் திருப்பிக் காட்டினாள். கனடாவில் எட்மன்டன் என்கிற ஊரில், அவள் வீட்டு வாசலில், இலைகளெல்லாம் வெந்த கீரை மாதிரி துவண்டு கிடந்தன. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பூக்கடையில் உட்கார்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்த பேச்சியம்மாளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

அந்தச் செடிகளைப் பொறுக்கி எடுத்ததே அவள்தான். ஆகஸ்டில் மகள் நர்சரிக்குள் போனைப் பிடித்துக்கொண்டு நடக்க, இவள் கடையில் இருந்தபடியே உத்தரவு போட்டாள்.

"அந்த ஊதாப் பூவை எடு. செவந்தியக் கவுத்து வச்ச மாதிரி லட்சணமா இருக்கு. அந்த மஞ்ச லில்லியும் ரெண்டு எடு."

"குளிர் தாங்குமாம், அம்மா. ஒரு தடவை வச்சா வருஷா வருஷம் தானா வருமாம். எழுதிப் போட்டிருக்காங்க."

"விக்கிறவன் வேற என்ன எழுதுவான்? நீ வேரைப் பாத்து எடு."

வயசுக்கு வந்த நாளிலிருந்து பூ விற்கிறவள் பேச்சியம்மாள். பூ விஷயத்தில் அவளுக்கு யாரும் புத்தி சொல்ல முடியாது. ஜீவிதாவும் அந்தக் கடையில்தான் வளர்ந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வந்து, செவந்திக் கூடைக்கும் சம்பங்கி மூட்டைக்கும் நடுவில் சப்பணம் போட்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். நோட்டில் பாதிப் பக்கம் ஈரமாக இருக்கும். டீச்சர் திட்டுவார், ஆனால் ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டுத்தான் திட்டுவார். கல்யாணமாகி அவள் விமானம் ஏறியதிலிருந்து, சாயங்காலம் பள்ளிக்கூட மணி அடித்தால் பேச்சியம்மாளின் கை தன்னால் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விடும்.

"இப்ப என்னம்மா செய்ய?"

"பயப்படாத. குளிருதுல்ல, அதான். நான் குடுத்துவிட்ட சுங்குடிச் சேலை இருக்குல்ல, அதை எடுத்துப் போத்தி விடு."

போர்த்தினாள். ராத்திரிக் காற்றில் சேலை பறந்து போய்த் தெருக்கோடி வீட்டு மரத்தில் மாட்டிக்கொண்டது. அந்த வீட்டுக்காரர் அது என்னவோ கொடி என்று நினைத்து, எந்த நாட்டுக்குச் சொந்தம் என்று மரியாதையாக விசாரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சரி, விடு. வெதுவெதுன்னு தண்ணி காய வச்சு வேருல ஊத்து. சூடு ஏறிச்சுன்னா பொழச்சுக்கிரும்."

ஊற்றினாள். வழிந்த தண்ணீர் விடிவதற்குள் வாசலில் கண்ணாடி மாதிரி உறைந்துவிட்டது. மறுநாள் வேலைக்குக் கிளம்பிய ஜீவிதா வழுக்கி விழுந்து, கையில் கட்டோடு வீடியோ காலில் வந்தாள்.

"அடிப்பாவி மகளே! பாத்து நடக்கக் கூடாதா?"

"நீதானம்மா ஊத்தச் சொன்ன?"

அதற்கப்புறம் பனி கொட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டது. செடி இருந்த இடமே தெரியவில்லை. ஜீவிதா சன்னல் ஓரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டே, "இந்த ஊர்ல எதுவும் வேர் பிடிக்காதும்மா. நானும்தான்" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பேச்சியம்மாளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. 'எம் பேச்சக் கேட்டுத்தான புள்ள நட்டுச்சு, செத்தும் போச்சு' என்றே மனசு அடித்துக்கொண்டது.

அடுத்த கடைப் பெரியகருப்பன் பிளாஸ்டிக் மாலை விற்கிறவன். அவனோடு பேச்சியம்மாள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வாடாத பூவெல்லாம் ஒரு பூவா என்பது அவள் கட்சி. இப்போது அவன் கடை வாசலில் தொங்கிய மஞ்சள் லில்லியையே செத்த நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மருமகனுக்குப் போன் போட்டாள்.

மதன்குமார் ஒரு மருந்துக் கிடங்கில் ராத்திரி வேலை பார்க்கிறவன். மாமியாரிடம் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசக் கூச்சப்படுவான்.

"மாப்ளே, பனி விட்டதும் ஜீவிதாவுக்குத் தெரியாம கொஞ்சம் பிளாஸ்டிக் பூ வாங்கி அந்த இடத்துல நட்டு வச்சிருங்க. ஊதாவும் மஞ்சளும். புள்ள மனசு விட்டுப் போயிருக்கு."

"சரிங்க அத்தே."

"யாருக்கும் மூச்சு விடக் கூடாது."

"சரிங்க அத்தே."

ஜூலை மாதம் ஒரு காலையில் போன் அலறியது. அங்கே அப்போது சாயங்காலம். "அம்மா! பாரும்மா! பூத்திருச்சு!"

ஊதாவும் மஞ்சளுமாக வாசல் நிறைய நின்றன. ஜீவிதா சிறுபிள்ளை மாதிரி குதித்தாள். 'மாப்பிள்ளை சொன்னதைச் செஞ்சுட்டாரு' என்று பேச்சியம்மாளுக்கு நெஞ்சு நிறைந்தது. பின்னால் சாப்பாட்டுப் பையோடு வேலைக்குக் கிளம்பிய மதன்குமாரைப் பார்த்து ரகசியமாகக் கண்ணடித்தாள். மாமியார் கண்ணடித்ததில் அவன் அரண்டுபோய்க் கும்பிடு போட்டுவிட்டு ஓடினான்.

மறுநாள் பார்த்தால் இன்னும் ரெண்டு மூன்று பூ கூடுதல். அதற்கடுத்த நாள் இன்னும். 'வேலை முடிஞ்சு வரும்போதெல்லாம் வாங்கியாராரு போல. எம்புட்டுச் செலவோ!' என்று அவள் உருகிப்போனாள். சாயம் மட்டும் கொஞ்சம் தூக்கல் என்று பட்டது. பெரியகருப்பன் சரக்கைவிட இது எவ்வளவோ மேல்.

ஒருநாள் ஜீவிதா பூவருகே கையைக் கொண்டுபோனாள். "ஒன்னு பறிச்சுத் தலையில வச்சுக் காட்டவாம்மா? அப்ப நீ வச்சு விடுவியே, அது மாதிரி."

"தொடாதடி!" பேச்சியம்மாள் போட்ட சத்தத்தில் கடையில் பூ வாங்க வந்தவர்கள் ரெண்டு அடி பின்னால் போனார்கள். "இன்னைக்குச் செவ்வாக்கிழமை!"

"இங்க இன்னும் திங்கக்கிழமைதாம்மா."

"நான் செவ்வாக்கிழமையிலதான இருக்கேன்! கையை எடு!"

கையை எடுத்தாள். ஆனால் அடுத்து ஒரு குண்டைப் போட்டாள். பக்கத்து வீட்டு ரோசலின், அந்தத் தெருவிலேயே இதுதான் நல்ல தோட்டம் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை தோட்டப் போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டாளாம். நாலைந்து பேர் வந்து, பூவைத் தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்து மார்க் போடுவார்களாம்.

பேச்சியம்மாளுக்கு மல்லிகைப் பந்து கையிலிருந்து உருண்டு ரோட்டுக்கே போய்விட்டது. "வேணாம் தாயி, கண்ணு பட்டுரும்!" என்றாள். "கண்ணு பட்டா படட்டும்மா. இந்த ஊர்ல இப்பத்தான் நாலு பேரு என்கிட்ட நின்னு பேசுறாங்க" என்றாள் மகள். குரல் குளிர்காலத்துக் குரல் இல்லை. கடையில் கோழிக்கொண்டைப் பூவைக் காதில் செருகிக்கொண்டு வாய்ப்பாடு சொல்வாளே, அந்தக் குரல்.

பிளாஸ்டிக் என்று தெரிந்தால் பிள்ளை அத்தனை பேர் முன்னால் எப்படி நிற்பாள்? கடையைப் பெரியகருப்பனிடமே பார்க்கச் சொல்லிவிட்டு, ஓரமாகப் போய் வேலையில் இருந்த மருமகனைப் பிடித்தாள்.

"மாப்ளே, மோசம் போயிட்டோம்! ஞாயித்துக்கிழமை ஆளுக வந்து மோந்து பாக்கப் போறாகளாம். அதுக்குள்ள நீங்க வச்ச பூவையெல்லாம் பிடுங்கி ஒளிச்சிருங்க. ஆடு தின்னுருச்சுன்னு சொல்லிக்கலாம்."

"இங்க ஆடு இல்லீங்களே அத்தே."

"எதையாச்சும் சொல்லுங்க! அந்தப் பிளாஸ்டிக் பூ இருக்கக் கூடாது, அம்புட்டுத்தான்!"

மதன்குமார் மெல்ல இழுத்தான்.

"கோவிச்சுக்காதீங்க அத்தே... வேலை நெருக்கடியில அந்தப் பிளாஸ்டிக் பூவை வாங்க நான் சுத்தமா மறந்தே போயிட்டேன்."