என்ஜின் ஹேண்டிலும் உன் மாமாவின் இதயமும்

அன்புள்ள தம்பி திருமுருகனுக்கு,

புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா ரேணுகா எழுதுவது. இங்கே இருவரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. நான் நலம், உன் மாமா, தானும் நலம் என்று சாதிக்கிறார். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய் என்பதால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

நேற்றுக் காலை மரக்காணத்தில் நம் உப்பள வரப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தவர், "படபடன்னு வருது ரேணு" என்று சொல்லி அப்படியே பாத்தியில் சாய்ந்துவிட்டார். வெயில் என்று நினைத்தேன் நான். வலிப்பு என்று முடிவுகட்டியவள் உப்பு வாரும் அம்சவள்ளி. "கையில இரும்பு குடுங்க!" என்று அவள் கூவ, எல்லாரும் இரும்பு தேடி ஓடினார்கள். உப்பளத்தில் ஏது இரும்பு? உப்பு தின்றுவிடும் என்று வாரும் பலகை முதல் எல்லாமே மரம். கடைசியில் தண்ணீர் இறைக்கும் என்ஜினின் ஹேண்டிலைப் பிடுங்கிவந்து கையில் திணித்தார்கள். திணித்ததும் கண் திறந்தார், தம்பி! ஹேண்டிலும் ஆம்புலன்ஸில் வந்தது. அது இல்லாமல் என்ஜின் ஓடவில்லை. அம்சவள்ளியோ போன் மேல் போன் போட்டு, "தண்ணி கெடந்தா கெடக்கட்டும் அக்கா, அவரு கையிலேர்ந்து ஹேண்டில மட்டும் வாங்கிடாதீங்க" என்கிறாள்.

"அந்தப் படபடப்பு தானா நின்னுதுங்க. அடுத்த வாட்டி நிக்கும்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர் வினோதினி. நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன், படம் போட்டே விளக்கினார். எப்போதோ வாயு என்று சோடா குடித்து ஓட்டிய நெஞ்சுவலி உண்மையில் மாரடைப்பாம். அது இதயத்தில் விட்டுப்போன தழும்பைச் சுற்றி மின்சாரம் வழிதவறிச் சுழல, இதயத்தின் கீழறை கண்மண் தெரியாமல் துடிக்கிறது. அறையில் ரத்தம் நிரம்ப நேரமில்லை, அதனால் வெளியேயும் போவதில்லை. குழாயில் காற்று புகுந்தால் நம் என்ஜின் அலறுமே, தண்ணீர் ஏறாதே, அப்படி. நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவி வைத்தால், அது எந்நேரமும் துடிப்பைக் கவனித்து, தேவைப்பட்டால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யுமாம். வேலைக்கும் போகலாமாம். உன் மாமாவோ, "ஹேண்டிலே போதும். நெஞ்சுக்குள்ள எவனாவது கரண்ட்டு வெப்பானா?" என்கிறார். நான் சொன்னால் படித்த திமிர். நீ சொன்னால் மச்சான் பேச்சு. உடனே வந்து சம்மதிக்க வை. எனக்காக வர வேண்டாம். எல்லாம் புரிந்துவிட்டதால் எனக்குப் பயமில்லை.

சத்யப்ரியாவுக்கு என் அன்பு. எந்த நெஞ்சுவலியையும் சோடாவால் கழுவிவிடாமல் இருவரும் நீடூழி வாழ்க.

அக்கா
ரேணுகா

பி.கு.: கடிதத்தைப் படமெடுக்கப் போனபோது மானிட்டர் அலறியது. ஹேண்டிலைப் பிடித்தபடியே கண் செருகிவிட்டார். நர்ஸ் அதைப் பிடுங்கிப் போட, டாக்டர் ஷாக் கொடுத்தார். விழித்ததும், "எவன்டா என்னை ஒதைச்சது?" என்றார். "நான்தாங்க" என்றார் டாக்டர். உடனே என் கையிலிருந்த பேனாவை வாங்கிச் சம்மதக் கையெழுத்துப் போட்டார். நாளைக்குக் கருவி வைக்கிறார்கள். ஆகவே அவருக்காக நீ வர வேண்டியதில்லை. என் நாடியைப் பிடித்துப் பார்த்த நர்ஸ், "நூத்தி இருவது ஓடுதும்மா" என்றார். இது பயத்தில் வருவதாம், ஆபத்தில்லையாம், கூட ஒரு ஆள் இருந்தால் அடங்குமாம். வா.