க்ரீமா, கத்தரிப்பூவா: அத்தானிடம் ஒரு மன்னிப்பு

அன்பும் மதிப்பும் மிக்க அத்தானுக்கு,

உங்கள் மனைவியின் ஒரே தம்பி எழுதிக்கொள்வது. இங்கே என் வலது கண் நலம். இடது கண் தன் முறைக்குக் காத்திருக்கிறது. அங்கே நீங்களும் அக்காவும் ஆளுக்கு இரண்டு கண்ணோடும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நாம் பேசி மூன்று வருஷம் ஆகிறது. காரணம் உங்கள் வீட்டு வெளிச்சுவர். நான் க்ரீம் கலர் என்று என் கையால் கலந்து கொடுத்தேன், நீங்கள் கத்தரிப்பூ கலர் என்றீர்கள். பெயிண்ட் கடையில் முப்பத்திரண்டு வருஷம் கலர் கலந்தவனைப் பார்த்து ஒரு கணக்கு வாத்தியார் அப்படிச் சொன்னால் பொறுக்குமா? "சாக்பீஸைத் தவிர உங்களுக்கு வேற என்ன கலர் தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். அந்த வாய்க்கொழுப்புக்கு மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் பஸ் நம்பர் கண்ணுக்குத் தெரியாமல் ஏறி, ஊரைத் தாண்டி ஒரு சிமெண்ட் குடோன் வாசலில் இறங்கினேன். வீட்டுக்காரி கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். வெறும் வெள்ளெழுத்துதான், படிக்கிற கண்ணாடியை மாற்றினால் போதும் என்றேன், யார் கேட்டார்கள்? பரிசோதிக்கிற பெண் எழுத்துப் பலகையைக் காட்டி, "மேலேருந்து படிங்க சார்" என்றாள். முதல் வரி படித்தேன். "கீழ எல்லாம் அழிஞ்சு போச்சேம்மா, ஒரு கோட்டிங் குடுக்கக் கூடாதா?" என்றேன். அவள் கண்பாப்பா விரிய சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தாள். பக்கத்தில் ஒரு தையல்காரர், அவருக்குக் கண்ணில் அழுத்தமாம், வலியே இல்லாமல் ஓரப் பார்வை போய்க்கொண்டிருந்ததாம். அந்தப் பக்கம் லாரி டிரைவர், சர்க்கரை விழித்திரை வரைக்கும் போய்விட்டதாம். இவர்கள் நடுவில் வெறும் வெள்ளெழுத்து என்று சொல்ல எனக்கே கூச்சமாகிவிட்டது.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, "கண்புரை சார். விழிக்குள்ள ஒரு லென்ஸ் இருக்கு, அது தெளிவா இருக்கணும். உங்களுக்குக் கலங்கி, மஞ்சளாயிடுச்சு" என்றார்.

"என்ன மஞ்சள்? எலுமிச்சையா, மாம்பழமா?"

"டீ கலர்" என்றார். கண்ணுக்குள் டீயை வைத்துக்கொண்டா அத்தான் நான் ஊருக்கே கலர் கலந்தேன்!

கால் மணி நேரத்தில் ஆபரேஷன், வலியே இல்லை. மறுநாள் கட்டைப் பிரித்தால், அடேயப்பா, வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை! வலது கண்ணை மூடினால் நர்ஸ் உடுப்பு பழுப்பு, இடது கண்ணை மூடினால் பளீர். மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். நர்ஸ் முறைத்தாள். மருந்துக் கடைக்காரம்மாவின் நீலப் புடவையையும் அப்படியே பார்த்தேனா, வீட்டுக்காரி விலாவில் கிள்ளி, "இந்த வயசுல கண்ணடிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்றாள்.

வீட்டுக்கு வந்து நேராக அலமாரியைத் திறந்தேன். கலர் கலந்ததும் டின் மூடியில் ஒரு சொட்டு தொட்டு வைப்பது எங்கள் தொழில் வழக்கம். உங்கள் டின் மூடியை, என்றாவது உங்கள் முகத்துக்கு நேரே நீட்டலாம் என்று, பத்திரமாக வைத்திருந்தேன். புதுக் கண்ணால் பார்த்தேன். கத்தரிப்பூ, அத்தான்! அவமானமாக இருந்தது. அழுகை வந்தது, கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் அடக்கிக்கொண்டேன். நீங்கள் சொன்னதுதான் சரி. என் கையாலேயே வந்து மறுபடி அடித்துத் தருகிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. உங்களுக்குத் தலைகுனிந்த வணக்கம்.

தோற்றுப்போன மைத்துனன்

பி.கு.: தபாலில் போடுமுன் மறுபரிசோதனைக்குப் போனேன். "புது லென்ஸ் வெச்ச புதுசுல எல்லாமே கொஞ்சம் நீலமாத் தெரியும் சார், பழகிடும்" என்கிறார் டாக்டரம்மா. அத்தான், நீங்கள் கண்புரை எடுத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியும் கையுமாக வாசலில் நின்றது, சுவருக்குப் பெயிண்ட் அடித்த அதே வாரம்தானே? மேலே கேட்ட மன்னிப்பு அத்தனையையும் வாபஸ் வாங்குகிறேன். அக்காவுக்குப் போன் போட்டேன். "அவருக்கு ரெண்டாவது மாசமே க்ரீமாத் தெரிஞ்சிடுச்சுடா. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு மூணு வருஷமா முழிக்கிறாரு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். கதவைத் திறந்தால் போதும், ஒன்றும் சொல்ல வேண்டாம்.